எழுத்தின் உருவமும் உள்ளத்தின் அறமும்

எழுத்தைக் கண்ணுக்கு ஒப்பிட்டுப் போற்றுவது தமிழர் மரபு. அம்மரபில் வந்த ஆசிரியர் வகுப்பறையில் முதன்முதலாகக் கற்பிப்பது எழுத்தின் உருவத்தையே. கோடு எங்கே தொடங்க வேண்டும், சுழி எப்பக்கம் வளைய வேண்டும் என்று பிஞ்சு விரல்களைப் பிடித்து அவர் வழிகாட்டுகிறார். மாணவன் வாசிக்கப் பழகியதும் உருவம் அவன் கவனத்திலிருந்து நழுவிவிடுகிறது. பொருள் மட்டுமே எஞ்சுகிறது. அதன்பின் வாழ்நாள் முழுவதும் எழுத்தின் வழியாகப் பார்க்கிறானே ஒழிய, எழுத்தைப் பார்ப்பதில்லை.

ஆயினும் உருவம் தன் வேலையை நிறுத்திவிடுவதில்லை. 'அபாயம்' என்னும் சொல்லை உருண்டு திரண்ட, குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் போன்ற எழுத்துகளில் எழுதி ஒரு பலகையை நட்டு வைத்தால் வழிப்போக்கர் அஞ்சி நிற்பாரா? 'வருக' என்னும் சொல்லை ஈட்டி முனை போன்ற எழுத்துகளில் எழுதி வைத்தால் விருந்தினர் உள்ளம் குளிருமா? சொல் ஒன்றைச் சொல்ல, உருவம் வேறொன்றைச் சொல்கிறது. சொல்லுக்கு மெய்யும் பொய்யும் உண்டு என்பதை உலகம் ஒப்புக்கொள்கிறது. அவ்வாறாயின் எழுத்தின் உருவத்திற்கும் மெய், பொய் உண்டா? உண்டெனில் அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார்?

வட்டமும் கோடும்

இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு, இன்று கடைப்பலகை தொடங்கிக் கைத்தொலைபேசி வரை எங்கும் காணப்படும் ஒருவகை ரோமன் எழுத்தாகும். வட்டத்தையும் நேர்க்கோட்டையும் அடிப்படையாகக் கொண்டு, கோடுகளின் நுனியில் சிறு நீட்சிகள் எவையும் இன்றி, தடிப்பாகவும் உருட்சியாகவும் அமைந்த எழுத்து அது. ஒரு நூல் முழுவதையும் அதில் அச்சிடுவதில்லை. தலைப்புக்கும் விளம்பரத்திற்கும் வணிகப் பெயருக்குமே அதனைப் பயன்படுத்துவர். தொலைவிலிருந்து கண்ணை ஈர்ப்பதும், ஈர்த்த கண்ணுக்கு இன்முகம் காட்டுவதும் அதன் பணிகள்.

இவ்வகை எழுத்தின் பிறப்பிடங்களுள் முதன்மையானது ஜெர்மனி. முதல் உலகப் போரில் அந்நாடு தோற்று நொறுங்கியிருந்த வேளையில், 1919ஆம் ஆண்டு வைமார் நகரில் கட்டடக் கலைஞர் வால்டர் குரோப்பியஸ் 'பௌஹவுஸ்' என்னும் கலைப்பள்ளியைத் தொடங்கினார். அப்பள்ளி 1925இல் டெசாவ் நகருக்கு மாறியது. அவ்வாண்டு அங்கே ஆசிரியராக இருந்த ஹெர்பர்ட் பேயர், வட்டத்தின் பகுதிகளையும் நேர்க்கோட்டையும் மட்டும் கொண்டு 'பொது எழுத்து' என்னும் பொருள்படும் ஓர் எழுத்து வரிசையை வரைந்தார். அதில் பெரிய எழுத்துகளே இல்லை. பேச்சில் பெரிய ஒலி, சிறிய ஒலி என்னும் இருவகை இல்லாதபோது எழுத்தில் மட்டும் இரண்டு வரிசை எதற்கு என்பது அவர் எழுப்பிய கேள்வி. இத்தகைய இருவரிசை இல்லாத தமிழை எழுதிப் பழகியவர்க்கு அக்கேள்வியின் நியாயம் எளிதில் விளங்கும்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், 1927இல், பால் ரென்னர் வரைந்த 'ஃபியூச்சுரா' என்னும் எழுத்தைப் பிராங்க்ஃபர்ட் நகரின் பௌவர் வார்ப்பகம் வெளியிட்டது. எதிர்காலம் என்பது அப்பெயரின் பொருள். 1969இல் அப்போலோ 11 நிலவில் விட்டுவந்த உலோகத் தகட்டின் வாசகம் இவ்வெழுத்திலேயே பொறிக்கப்பட்டது.

பேயரின் எழுத்து அக்காலத்தில் ஈயத்தில் வார்க்கப்படவில்லை. ஆனால் அரை நூற்றாண்டுக்குப் பின், 1975இல், அமெரிக்காவில் எட் பெங்கியட், விக்டர் கருசோ ஆகிய இருவரும் அதனைத் தழுவி 'ஐடிசி பௌஹவுஸ்' என்னும் எழுத்துக் குடும்பத்தை அமைத்தனர். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் மென்பொருள்களோடு வந்த 'பௌஹவுஸ் 93' என்னும் தடித்த எழுத்தும் அதே மரபைச் சார்ந்ததே. பள்ளிக் கணினியில் பிறந்தநாள் வாழ்த்து அச்சிடும் சிறுவன் அதனைத் தேர்ந்தெடுக்கும்போது, நொறுங்கிய ஒரு நாட்டில் புதிய உலகைக் கனவு கண்டவர்களின் வட்டத்தையே அறியாமல் தேர்ந்தெடுக்கிறான்.

கருவியும் கண்ணும்

கவராயத்தால் வரைந்த வட்டம் அப்படியே எழுத்தாகிவிடும் என்று எண்ணுவது பிழை. கோட்டின் தடிப்பை எங்கும் ஒரே அளவாக வைத்தால், கிடையாகச் செல்லும் கோடு நிமிர்ந்து நிற்கும் கோட்டைவிடத் தடித்ததாகக் கண்ணுக்குத் தோன்றும். வட்டமான எழுத்தைப் பக்கத்திலுள்ள சதுர எழுத்தின் உயரத்திற்குச் சரியாக வரைந்தால் அது சிறுத்துக் காணப்படும். வளைவு தண்டோடு சேரும் இடத்தில் மை தேங்கியதுபோல் கருமை திரளும். எழுத்து தடிக்கத் தடிக்க இக்குறைகள் பெருகும். ஆகவே எழுத்தை அமைப்பவர் கிடைக்கோட்டைச் சற்றே மெலியச் செய்கிறார். வட்டத்தை மேற்கோட்டுக்கு மேலும் அடிக்கோட்டுக்குக் கீழும் இம்மியளவு நீட்டுகிறார். வளைவு சேரும் இடத்தை ஒடுக்குகிறார். துல்லியமான வட்டங்களால் ஆனது போலத் தோன்றும் ஃபியூச்சுராவும் இத்தகைய திருத்தங்களைப் பெற்றதே.

இங்கே சிந்திப்பதற்கு ஒன்று உண்டு. சமமாகத் தோன்ற வேண்டும் என்பதற்காகச் சமமின்மை புகுத்தப்படுகிறது. இது பொய்யா? அன்று. படிப்பவர் இதனால் எதையும் இழக்கவில்லை; அவர் கண்ணின் இயல்பான குறை ஈடுசெய்யப்படுகிறது. அளவுகோல் சொல்லும் உண்மைக்கும் கண் காணும் உண்மைக்கும் இடையே அமைப்பாளர் படிப்பவரின் பக்கம் நிற்கிறார். எனவே உருவத்தை மாற்றுவதே குற்றமாகிவிடாது. யாருடைய நன்மைக்காக அது மாற்றப்படுகிறது என்பதே நோக்கத்தக்கது.

எழுத்தின்மீது சுமத்தப்பட்ட குற்றம்

சிலர் எழுத்தின் உருவத்திலேயே நன்மையும் தீமையும் உறைந்திருப்பதாகக் கருதினர். நாஜிக் கட்சியினர் கூரிய முனைகளைக் கொண்ட பழைய ஜெர்மானிய அச்செழுத்தைத் தம் இனத்தின் எழுத்தென்று முதலில் போற்றினர். புதிய கலையின் பெயரால் அவர்கள் பரப்பிய பகையை எதிர்த்து ரென்னர் 1932இல் ஒரு சிறுநூல் எழுதினார். அப்போது அவர் மியூனிக் நகரின் அச்சுக்கலைப் பள்ளியில் தலைமைப் பொறுப்பில் இருந்தார். 1933 ஏப்ரலில் அவர் கைதுசெய்யப்பட்டார். தலைமைப் பதவியும் பறிபோயிற்று. அதே ஆண்டில் பௌஹவுஸ் பள்ளியும் மூடப்பட்டது.

ஆனால் அவர்களுடைய எழுத்துக் கொள்கை எட்டு ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. 1941 ஜனவரி 3ஆம் நாள் மார்ட்டின் போர்மன் கையொப்பமிட்ட சுற்றறிக்கை ஒன்று, அதே கூரிய எழுத்தை யூதர்களின் எழுத்தென்று பழித்து, அதன் பயன்பாட்டை நிறுத்த ஆணையிட்டது. அப்பழி வரலாற்றுக்குப் புறம்பானது. ஜெர்மனி கைப்பற்றியிருந்த நாடுகளின் மக்களால் அவ்வெழுத்தைப் படிக்க இயலாமையே உண்மைக் காரணம் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். நேற்றுவரை இனத்தின் பெருமையாக இருந்த எழுத்து ஒரே நாளில் இனத்தின் இழிவாயிற்று. எழுத்தில் ஒரு கோடும் மாறவில்லை; மாறியது ஆட்சியாளரின் தேவை மட்டுமே. எழுத்தின்மீது குற்றம் சுமத்துவோர் தம் நெஞ்சின் கறையை அதன்மீது பூசுகின்றனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

புதிய எழுத்தை வரைந்தவர் அனைவரும் நல்லறத்தின் பக்கமே நின்றனர் என்று கூறவும் வரலாறு இடந்தரவில்லை. மனித குலத்திற்குப் பொதுவான எழுத்தை நாடிய அதே பேயர், 1936இல் நாஜி ஆட்சி நடத்திய 'ஜெர்மனி' கண்காட்சிக்கு அழகிய விளம்பர ஏடு அமைத்துக் கொடுத்தார். 1938இல்தான் அவர் அமெரிக்காவுக்குச் சென்றார். வட்டம் வரைந்த கை, வட்டத்தைப் போலக் குறையற்றதாக இருந்துவிடவில்லை.

ஒரு வாயிலின் எழுத்து

இக்கேள்வியின் முழுப் பளுவையும் ஒருசேரத் தாங்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு. பௌஹவுஸ் தோன்றிய அதே வைமார் நகருக்கு அருகே எட்டர்ஸ்பெர்க் என்னும் குன்று இருக்கிறது. அங்கே 1937இல் புகென்வால்ட் வதைமுகாம் அமைக்கப்பட்டது. 1945 ஏப்ரலில் அது விடுவிக்கப்படும்வரை ஏறத்தாழ 2,80,000 மனிதர்கள் அங்கும் அதன் கிளை முகாம்களிலும் அடைக்கப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 56,000 பேர் மாண்டனர்.

முகாமின் இரும்புக் கதவில் மூன்று ஜெர்மன் சொற்கள் அமைந்துள்ளன. 'அவரவர்க்கு உரியது அவரவர்க்கு' என்பது அவற்றின் பொருள். ஒவ்வொருவருக்கும் உரியதை வழங்குவதே நீதி என்னும் ரோமானியச் சட்டக் கருத்திலிருந்து பிறந்த வாசகம் அது. வெளியிலிருந்து வருபவர் படிப்பதற்காக அன்றி, உள்ளே அடைபட்டவர் படிப்பதற்காகவே அது உட்புறம் நோக்கி வைக்கப்பட்டது. நீதியின் சொல்லைக் கொண்டே நீதியைக் கொன்றவர்களின் கொடுமைக்கு அக்கதவு சாட்சி.

அவ்வெழுத்துகளை வரைந்தவர் ஃபிரான்ஸ் எர்லிஹ் என்னும் கைதி. அவர் 1927 முதல் 1930 வரை பௌஹவுஸ் பள்ளியில் பயின்ற மாணவர், பொதுவுடைமையர். 1934இல் கைதாகிச் சிறைத்தண்டனை பெற்று, 1937இல் புகென்வால்டுக்குக் கொண்டுவரப்பட்டார். காவலர் அவரிடம் சொற்களைக் கொடுத்தனர். உருவத்தை அவர் கொடுத்தார். அவர் தேர்ந்தது அவர்கள் போற்றிய கூரிய எழுத்து அன்று. அவர்கள் மூடிவிட்ட பள்ளியின் எழுத்து. வளைவும் கோடும் தெளிந்த எளிய எழுத்து. நாள்தோறும் அதனைக் கண்ட காவலர் அதன் பிறப்பை உணர்ந்ததாகத் தெரியவில்லை.

இதனை எவ்வாறு மதிப்பிடுவது? கொடியவரின் சொல்லுக்குள் அவர்கள் வெறுத்த உருவத்தைப் புகுத்தியது வாய்பேச இயலாதவனின் எதிர்ப்பு என்று கூறலாம். எத்துணை அழகாக வரைந்தாலும் அக்கதவு அக்கதவே; அழகிய எழுத்து கொடிய சொல்லுக்கு ஊழியமே செய்தது என்றும் கூறலாம். 1939இல் விடுதலை பெற்ற பின்னரும் எர்லிஹ் வேறு வழியின்றி முகாமின் கட்டட அலுவலகத்திலேயே பணியாற்ற நேர்ந்தது என்பதையும் சேர்த்து எண்ணும்போது தீர்ப்பு மேலும் கடினமாகிறது. பாதுகாப்பான அறையில் அமர்ந்திருப்பவர் அவர்மீது தீர்ப்பெழுத விரைவது முறையன்று. ஆயினும் ஓர் உண்மை மட்டும் உறுதிப்படுகிறது. ஒரே கதவில், ஒரே இரும்பில், சொல் ஒருவருடையதாகவும் உருவம் மற்றொருவருடையதாகவும் இருந்தன. சொல் பொய் சொல்லிற்று. உருவம் அப்பொய்க்கு உடன்படாமல் நின்றது. சொல்லுக்குப் பொறுப்பு ஆணையிட்டவனுடையது. உருவத்திற்கு ஒரு பொருள் இருந்ததென்றால், அது வரைந்தவன் உள்ளத்திலிருந்து வந்ததே தவிர, வட்டத்திலிருந்து வரவில்லை.

இன்முகம் காட்டும் பெயர்ப்பலகை

போர் முடிந்தது; உருண்டை எழுத்து வணிகத்தின் கைக்கு வந்தது. 1979இல் வோக்ஸ்வாகன் நிறுவனத்திற்காக, நுனிகளும் உருண்டு முடியும் 'விஏஜி ரவுண்டட்' என்னும் எழுத்து உருவாக்கப்பட்டது. பின்னாளில் ஆப்பிள் நிறுவனத்தின் கணினி விசைப்பலகைகளிலும் அது பல ஆண்டுகள் இடம்பெற்றது. வோக்ஸ்வாகன் நிறுவனம் 1937இல் நாஜி ஆட்சியில் தோன்றியது. போர்க்காலத்தில் அதன் தொழிற்சாலையில் கட்டாய உழைப்பாளர் பலர் வருந்தினர். அந்த வரலாற்றை மறைக்கவே உருண்டை எழுத்து வரையப்பட்டது என்று கூறுவது அநீதியாகும். ஆனால் எந்த எழுத்துருவும் அந்த வரலாற்றைச் சொல்லவும் வல்லதன்று. நிறுவனமே 1986இல் ஹான்ஸ் மொம்சன் என்னும் வரலாற்றாசிரியரிடம் ஆய்வை ஒப்படைத்தது. 1996இல் ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட நூலாக அது வெளிவந்தது. பெயர்ப்பலகையின் இன்முகத்தைவிட, அந்நூலின் பக்கங்களே உண்மைக்கு அருகில் நின்றன.

வளைந்த உருவத்தை மனம் இனிமையோடு இணைத்துப் பார்ப்பது கற்பனையன்று. பொருளற்ற இரண்டு ஒலிச்சொற்களைத் தந்து, ஒரு கூரிய உருவத்திற்கும் ஒரு வளைந்த உருவத்திற்கும் பெயரிடுமாறு கேட்கும் சோதனையை உளவியலாளர் வொல்ஃப்காங் கோலர் 1929இல் விவரித்தார். 2001இல் வி. எஸ். இராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பார்டும் அதனை மீண்டும் எடுத்துக்கொண்டபோது, 95 விழுக்காட்டினர் 'கிக்கி' என்பதைக் கூரிய உருவத்திற்கும் 'பூபா' என்பதை வளைந்த உருவத்திற்கும் பொருத்தினர். சிந்திக்கும் முன்பே மனம் உருவத்திற்குச் செவிசாய்க்கிறது. விளம்பரம் செய்வோர் இதனை நன்கறிவர்.

கடன் வழங்கும் ஒரு கடையின் துண்டறிக்கையை எடுத்துக்கொள்ளலாம். 'எளிய தவணை' என்னும் சொற்கள் கொழுத்த உருண்டை எழுத்துகளில் பக்கத்தின் பாதியை நிறைக்கின்றன. வட்டி விகிதமும் தவறினால் விதிக்கப்படும் தண்டமும் அடியில் எறும்பு ஊர்ந்தாற்போல் மெலிந்த எழுத்தில் கிடக்கின்றன. அறிக்கையில் ஒரு சொல்லும் பொய்யில்லை. வழக்கு மன்றம் சென்றாலும் குற்றம் காண்பது அரிது. ஆயினும் அதனை நம்பிக் கையொப்பமிட்ட தொழிலாளியின் வீட்டில் அடுப்பு எரியாத நாள் வரும்போது, அவரை ஏமாற்றியது எது? சொல்லன்று, உருவமே. பெரிதாக்க வேண்டியதைச் சிறிதாக்கி, அஞ்ச வேண்டியதற்கு இன்முகம் தீட்டிய கையே ஏமாற்றியது.

அச்செழுத்து கண்ணாடிக் கிண்ணம் போன்றிருக்க வேண்டும். உள்ளிருக்கும் பானம் தெரிய வேண்டுமே தவிரக் கிண்ணம் தெரியக் கூடாது என்று 1930இல் பியாட்ரிஸ் வார்ட் என்னும் அறிஞர் இலண்டனில் உரைத்தார். நூலின் உட்பக்கத்திற்கு அவ்வுரை முற்றும் பொருந்தும். ஆனால் விளம்பர எழுத்து காணப்படுவதற்காகவே செய்யப்பட்ட வண்ணக் கிண்ணம். 'உருவம் நடுநிலையானது; யாம் பொறுப்பல்லோம்' என்று அது தப்பித்துக்கொள்ள இயலாது.

அரசுகளும் இதனை உணர்ந்துள்ளன. ஆஸ்திரேலியா 2012 டிசம்பரில் சிகரெட்டுப் பெட்டிகளிலிருந்து நிறுவனங்களின் அலங்கார எழுத்துகளை நீக்கி, எல்லாப் பெயர்களும் 'லூசிடா சான்ஸ்' என்னும் ஒரே எழுத்தில்தான் அச்சிடப்பட வேண்டும் என்று விதித்தது. சிங்கப்பூரிலும் 2020 ஜூலை 1 முதல் பெட்டியின் நிறமும் எழுத்தின் பாங்கும் ஒரே சீராக்கப்பட்டன. பெயரைத் தடைசெய்யாத சட்டம் பெயரின் உருவத்தைத் தடைசெய்தது. எழுத்தின் உருவமும் ஒரு பேச்சே. அப்பேச்சாலும் உயிருக்குத் தீங்கு விளையக்கூடும் என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டதற்கு இவை சான்றாகும்.

வாய்மையின் அளவுகோல்

இதுகாறும் கண்டவற்றால் இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. எழுத்தின் உருவத்திற்கெனத் தனி அறம் இல்லை. வட்டம் நல்லதுமன்று, கூர்மை தீயதுமன்று. எனினும் உருவத்தைத் தேர்ந்தெடுப்பது மனிதச் செயல்; செயலென்றால் அதற்கு அறம் உண்டு. பொறுப்பு எழுத்தினுடையதன்று; தேர்ந்தெடுத்தவருடையது.

அச்செயலை அளக்கும் கோல் எது? வள்ளுவர் வாய்மையைச் சொல்லின் அமைப்பைக் கொண்டு அளக்கவில்லை. அதனால் பிறர்க்குத் தீங்கு விளையுமா என்பதைக் கொண்டே அளந்தார். அக்கோல் எழுத்தின் உருவத்திற்கும் பொருந்தும். வட்டத்தை இம்மியளவு நீட்டிக் கண்ணுக்கு உதவிய அமைப்பாளர் அளவிலிருந்து விலகினார், வாய்மையிலிருந்து விலகவில்லை. துண்டறிக்கையைத் தீட்டியவர் சொல்லிலிருந்து விலகவில்லை; வாய்மையிலிருந்து விலகினார். உருவம் படிப்பவரைச் சொல்லின் உண்மைக்கு அழைத்துச் செல்கிறதா, அதிலிருந்து அப்பால் அழைத்துச் செல்கிறதா என்பதே கேட்கத்தக்க கேள்வி.

இக்கேள்வியை மாணவர் மனத்தில் விதைப்பது மொழியாசிரியரின் கடமைகளுள் ஒன்றாகும். அதற்குப் புதிய பாடநூல் வேண்டுவதில்லை. ஒரு துண்டறிக்கையை வகுப்பறைக்குக் கொண்டுவந்து, எந்தச் சொல் பெரிதாக இருக்கிறது, எது சிறிதாக இருக்கிறது, ஏன் என்று கேட்டால் போதும். பள்ளி மலருக்கு அட்டை அமைக்கும் மாணவன் உருண்டை எழுத்தைத் தேர்ந்தால் தடுக்க வேண்டியதில்லை. 'இந்த உருவம் உன் சொல்லுக்குத் துணை நிற்கிறதா?' என்று மட்டும் வினவலாம். விளையாட்டு விழாவுக்கு அது பொருந்தும். மறைந்த ஆசிரியருக்கு எழுதும் அஞ்சலிக்குப் பொருந்தாது. அவ்வேறுபாட்டை உணரும் மாணவன் வளர்ந்தபின் கடன் பத்திரத்தின் அடிவரியையும் தேடிப் படிப்பான். பிறர்க்குப் பத்திரம் எழுதும் நிலை வந்தால் அவ்வரியைப் பெரிதாக எழுதவும் நாணமாட்டான்.

முதல் வகுப்பில் விரல் பிடித்து எழுத்தின் உருவத்தைக் கற்பித்தவர் ஆசிரியர். அவ்வுருவத்தை மீண்டும் ஒருமுறை நின்று பார்க்கக் கற்பிக்க வேண்டியவரும் அவரே.